தானாக ஏறிய ஜன்னல்

ஜன்னல் விழுந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு.

பொது நூலகத்தின் இரண்டாம் மாடியில், கிழிந்த புத்தகங்களைப் பிரித்துத் தைத்து அட்டை போடும் பைண்டிங் அறை. கீழே பேருந்து நிறுத்தத்தில் யாரோ யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கத்தான் பைண்டிங் அக்கா வலது கையை ஜன்னலின் அடிக்கட்டையில் ஊன்றி எட்டிப் பார்த்தார். ஜன்னல் அவருடைய ஆள்காட்டி விரல் மேலும் நடுவிரல் மேலும் இறங்கியது. ஊசி பிடிக்கிற விரல்கள்.

வியாழக்கிழமைக்குள் குற்றவாளி யார் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அன்று மத்தியானம் நூலகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் எடைக்காரருக்குப் போன் செய்தார்.

"நாளைக்கு வந்து ஜன்னலைப் பாருங்க. பாத்துட்டு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. கனமான கண்ணாடி போட்ட விஷயம் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவ்வளவுதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"மிச்சம்னா?"

"கண்ணாடிக்காரர் பேர லிஸ்ட்லேர்ந்து அடிச்சிருவோம். இனிமே எந்த ஆபீஸ் கட்டடத்துலயும் அவர் ஏணி வைக்க முடியாது."

எடைக்காரர் "சரி" என்றார். கொஞ்ச காலமாக யார் என்ன சொன்னாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். போனை வைத்த பிறகுதான், அந்தக் கண்ணாடிக்காரர் தன் மனைவியின் உடன்பிறந்த தம்பி என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. மறந்துபோய்விட்டது என்று இல்லை. அறையில் இருக்கும் பீரோ மாதிரி அந்த உறவு அதன் இடத்தில் இருந்தது. அவர்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எடைக்காரர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நூலகத்தில் இருப்பவை தூக்கு ஜன்னல்கள். சாதாரண ஜன்னல் போலக் கதவு வெளியே திறக்காது. கண்ணாடி பதித்த சட்டம் மேலும் கீழும் நகரும். பதினாறு கிலோ சட்டத்தை ஒரு சின்னப் பெண்கூட ஒரு விரலால் தூக்கிவிடலாம். தூக்கி எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. ஜன்னலின் இரண்டு பக்கத்து மரநிலையும் உள்ளே கூடாக இருக்கும். சட்டத்தில் கட்டிய கயிறு மேலே போய், ஒரு கப்பியில் ஏறி, அந்தக் கூட்டுக்குள் இறங்கும். கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு. சட்டம் பதினாறு கிலோ என்றால் பக்கத்துக்கு எட்டு கிலோ. சட்டம் மேலே போனால் குண்டு கீழே வரும். சட்டம் கீழே வந்தால் குண்டு மேலே போகும். யாரும் பார்க்காத இடத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருப்பதால்தான் பார்க்கிற இடத்தில் இன்னொன்று நிற்கிறது.

அந்தக் குண்டுகளை எடை பார்த்துக் கட்டுவதுதான் அவர் தொழில். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

இந்தத் தொழிலில் அவருக்குச் சரிபாதி அவர் மனைவி. கண்ணாடிக்காரக் குடும்பத்தில் பிறந்து எடைக்காரரைக் கட்டிக்கொண்டவள். இருபத்துநான்கு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் வேலைக்குப் போனார்கள். சட்டத்தைக் கழற்றித் தராசில் வைத்து எடை சொல்வது அவள். குண்டு கட்டுவது அவர். "அடுத்தவன் சொல்ற எடை ஊர்க்கதை. நம்ம தராசு சொல்றதுதான் எடை" என்பாள். தம்பி சொன்னாலும் நம்பமாட்டாள், அப்பா சொன்னாலும் நம்பமாட்டாள். கட்டி முடித்ததும் அவர் சட்டத்தைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் பின்னாலிருந்து சொல்வாள்: "விடுங்க, நிக்கும்." விடுவார். நிற்கும்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை தொடங்குவதற்கு முன்னால் இடுப்பில் செருகிய துணிப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, எந்த ஜன்னலோ அதன் அடிக்கட்டையில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். "என்ன, ஜன்னல் ஓட்டுப் போட்டாச்சா?" என்று அவர் கேலி செய்வார். எதற்கு அந்தக் குறி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன், மழைக்காலத்தில், மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

அழவில்லை. எடைக்காரருக்கே அது வியப்புத்தான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், தொடுகிறோம் என்பது கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. முழு உடம்பும் அப்படி இருந்தது. ஒன்பதாம் நாள் வேலைக்குக் கிளம்பினார். எல்லோரும் மனத்திடம் என்றார்கள். வீட்டில் உட்காருவதற்கும் வேலைக்குப் போவதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். மருந்துக் கடையில் வேலை. ஒன்பது மணிக்குப் போயாக வேண்டும்.

"அப்பா, சக்கரை போட மறந்துட்டேன். பாதி குடிச்சிட்டீங்க, ஒண்ணும் சொல்லல?"

"நீ போட்டிருக்கேன்னு நினைச்சேன்."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்ச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். மீதியையும் அதே மாதிரி குடித்தார்.

"மாமா வாசல்ல நிக்கிறாரு. உள்ள வரமாட்டேங்கறாரு. ரெண்டு நாளா சரியா சாப்பிடலயாம், அத்தை போன்ல அழறாங்க. நீங்க அந்த வரிய எழுதப் போறீங்களா?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீங்கதான் சொல்லல."

வாசலில் கண்ணாடிக்காரர் நின்றார். முப்பத்தெட்டு வயது, தன் அக்காவின் அதே நெற்றி, அதே புருவம். எடைக்காரர் அவருடைய தோளைப் பார்த்துப் பேசினார்.

"உள்ள வா மச்சான்."

"இல்ல மாமா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நான் உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

"எத?"

"அக்கா போன அந்த வாரம். இதே இடத்துல நின்னுதான் சொன்னேன். புயல்ல உடைஞ்ச கண்ணாடிக்குப் பதிலா தடிமன் கண்ணாடி போட்டிருக்கேன், ரோட்டு சத்தம் கேக்கக் கூடாதுன்னு இன்ஜினியர் ஒரு ஜன்னல்ல மட்டும் போட்டுப் பாக்கச் சொன்னாரு, சட்டத்துல பத்து கிலோ கூடுது, பக்கத்துக்கு அஞ்சு கிலோ சேத்துக் கட்டணும்னு. நீங்க தலையாட்டினீங்க."

"ஆட்டியிருப்பேன்."

"அப்ப சொன்னேன்னு ஒத்துக்கறீங்களா?"

"அந்த வாரம் யாரு எது சொன்னாலும் ஆட்டிட்டுதான் இருந்தேன். பால்காரர் சொன்னதுக்கும் ஆட்டினேன். நீ என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல மச்சான்."

"ஞாபகம் இல்லன்னு எழுதினாலும் அவங்க தெரியாதுன்னுதான் படிப்பாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "எங்கிட்ட பாதி வேலை ஆபீஸ் கட்டடம்தான். அது போச்சுன்னா கடைய மூடணும். அக்கா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

அதற்கும் எடைக்காரர் தலையாட்டினார். ஆட்டிய பிறகு, ஆட்டியதைக் கவனித்தார்.

நூலகத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. வெயில் அடித்து நொறுக்கியது. பைண்டிங் அறையில் சாலையைப் பார்த்து வரிசையாக நான்கு ஜன்னல்கள். விழுந்த ஜன்னலை மூடி, குறுக்கே சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். அறை நடுவே பெரிய மேசை. அதன் பின்னால், வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு, பைண்டிங் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"லீவு போடலையா?" என்று கேட்டார் எடைக்காரர்.

"வீட்டுல இருந்தா எங்க மாமியார் கைய விட்டுட்டு வாய ஒடிச்சிருவாங்க. இங்க வந்து எடக் கையால பசை தடவறேன். தடவினதுல பாதி புத்தகத்துல, பாதி புடவைல."

"விரல்?"

"ஆறு வாரம் கழிச்சுப் பாக்கலாங்கறாரு டாக்டர். மடங்குமான்னு கேட்டேன். மடங்கும்னாரு. ஊசி நிக்குமான்னு கேட்டேன். அதுக்கு மேல பாத்தாரு." மேலே சுழன்ற மின்விசிறியைக் காட்டினார். "நீங்கதான் அந்த எடைக்காரரா? பாருங்க, நல்லா பாருங்க. யாரோ தப்பு பண்ணியிருக்காங்க. கண்ணாடித் தம்பிங்கறாங்க. அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து என் கால்மாட்டுலயே நின்னுச்சு. நான்தான் போடான்னு அனுப்பினேன்."

எடைக்காரர் நாடாவைப் பிரித்தார். கொக்கியை விலக்கிச் சட்டத்தைத் தூக்கினார். கனம் தோளில் ஏறியது. கையைச் சற்றே தளர்த்தினார். சட்டம் சரசரவென்று இறங்கியது. பிடித்துக்கொண்டார். பத்து கிலோ குறைகிறது. தராசே வேண்டாம்.

"இத்தன நாள் எப்படி நின்னுச்சு?" என்று கேட்டார் அக்கா.

"மழையில மரம் ஊறிப்போச்சு. மேல புது பெயின்ட் வேற. ஊறின மரம் சட்டத்த இறுக்கிப் பிடிச்சிருக்கும். வெயில் வந்து மரம் காஞ்சதும் பிடி விட்டுப்போச்சு."

"அதானே. மழைக்காலம் பூரா மூடியே கெடந்துச்சு. போன மாசம் பியூன் வந்து முக்கி முக்கித் தூக்கிக் குடுத்தான். கனமான கண்ணாடி, கனமாத்தான் இருக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேன். எனக்கென்ன தெரியும். நான் தைக்கிறவ."

சட்டத்தை மேலே தள்ளி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தார்; அப்போதுதான் குண்டு கீழே இறங்கி வரும். நிலையின் கீழ்ப்பகுதியில், உள்பக்கமாக, கையகலத்துக்கு ஒரு மரத்துண்டு இருக்கும். அதுதான் கூட்டின் வாசல். திருகாணியைக் கழற்றி அதை எடுத்தார். உள்ளே கையை விட்டுக் குண்டைத் தடவினார். எட்டு கிலோ. பழையது. அதன் கீழ் வேறு எதுவும் தொங்கவில்லை. மறுபக்கமும் அப்படியே. கட்டையை எடுத்துவிட்டுச் சட்டத்தை இறக்கி மூடினார்.

ஆக, அவர் இங்கே குண்டு சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்றால் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்யாமல் இருந்திருப்பாரா? இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. கணக்கு நேராக வந்தது. அவருக்கு நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை. பையிலிருந்து தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். 'கனமான கண்ணாடி போட்ட விஷயம் எனக்கு' என்பது வரை எழுதினார்.

"எழுதறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்து ஜன்னலையும் ஒரு தடவ பாத்துருங்க" என்றார் அக்கா. "இது இன்னும் மோசம்."

"இதுவும் விழுதா?"

"இது விழுந்தா நான் ஏன் கவலப்படறேன். இது ஏறுது."

எடைக்காரர் பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

பக்கத்து ஜன்னலின் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி, அதில் புத்தகங்களை அழுத்தி வைக்கும் இரும்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வந்ததிலிருந்து அது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"கொக்கிய எடுத்தா, சார் வர்றாருன்னா பியூன் எந்திரிப்பானே, அப்படி எந்திரிக்குது" என்றார் அக்கா. "காத்து இல்ல, ஆள் இல்ல, தானா மேல போகுது. புகார் புத்தகத்துல ரெண்டு தடவ எழுதினேன். ஜன்னல் தானாக ஏறுகிறது, ஆவன செய்யவும். இன்ஜினியர் சார் என்ன எழுதியிருக்காரு தெரியுமா? ஜன்னல் விழும், ஏறாது. கையெழுத்துப் போட்டு மூடிட்டாரு. பேய் கீய்னு நான் சொல்லிடுவேன்னு பயந்துட்டாரு போல."

அக்கா இடது கையால் இரும்புக் கட்டியைக் கழற்றிக் கீழே வைத்து, கொக்கியை விலக்கினார். சட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்லக் கிளம்பி, வேகம் பிடித்து, உச்சியில் போய் டங்கென்று முட்டி நின்றது. சாலைச் சத்தம் அறைக்குள் கொட்டியது.

எடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் கண்ணாடி மெல்லியது, பழையது. சட்டம் பதினாறு கிலோவுக்கு மேல் இருக்காது. அது ஏறுகிறது என்றால் கூட்டுக்குள் அதைவிடக் கனம் இருக்கிறது.

மண்டியிட்டார். திருகாணி. மரத்துண்டு. சட்டம் உச்சியில் இருந்ததால் குண்டு கூட்டின் அடியில், வாசலுக்கு நேராக வந்து நின்றிருந்தது. எட்டு கிலோ குண்டு. அதன் கீழ் ஓர் ஐந்து கிலோ குண்டு. இரண்டையும் நீல நிறக் கயிறு சேர்த்துக் கட்டியிருந்தது. மூன்று சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்பக்கம். அந்த முடிச்சை இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் போடுவார்.

மறுபக்கமும் ஐந்து கிலோ. அதே நீலக் கயிறு.

நீலக் கயிறு அவருக்கு நினைவில் இருந்தது. கடையில் வெள்ளை இல்லை என்றார்கள், சரி என்று வாங்கினார். மழை. நனைந்த செருப்பு. இதே தரை. யாரோ டீ கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தன் கைகள் இங்கே வந்து, மண்டியிட்டு, முடிச்சுப் போட்டு, வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. அவரை உடன் அழைத்து வரவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் சொல்லியிருக்கிறான். இவர் கேட்டிருக்கிறார். செய்தும் இருக்கிறார். வேறு ஜன்னலில். ஊறிய மரம் அன்று அதையும் ஏறவிடாமல் பிடித்திருக்கும்.

போனை எடுத்தார்.

"மச்சான், அன்னிக்கு எத்தனாவது ஜன்னல்னு எங்கிட்ட சொன்னே?"

"மூணாவது. ஏன் மாமா?"

எடைக்காரர் எண்ணினார். இடமிருந்து வலமாக, எழுதுகிற திசையில். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது, தானாக ஏறுகிற ஜன்னல். விழுந்தது இரண்டாவது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து மூணு?"

"இடது பக்கத்துலேர்ந்துதான்."

"எங்க நின்னுக்கிட்டு?"

மறுமுனையில் கண்ணாடி அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"வெளிய நின்னு மாமா. கண்ணாடி ஓரத்துல பட்டி பூசி ஒட்டறதெல்லாம் வெளிப்பக்கம்தானே. சாரத்து மேல நின்னுதான் வேலை. எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க வெளியிலேர்ந்துதான் எண்ணுவோம். நீங்க?"

"கூட்டோட வாசல் உள்பக்கம். நாங்க உள்ளேர்ந்துதான் எண்ணுவோம்."

வெளியே நின்றால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். நான்கு ஜன்னலில் வெளியிலிருந்து மூன்றாவது, உள்ளிருந்து இரண்டாவது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருபத்துநான்கு வருஷமாக ஒரு வீட்டார் வெளியிலிருந்தும் ஒரு வீட்டார் உள்ளிருந்தும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைகூட மோதவில்லை. ஏனென்றால் நடுவில் ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டில் பிறந்து இந்த வீட்டுக்கு வந்தவள். இரண்டு எண்ணிக்கையும் தெரிந்தவள். யாரையும் திருத்தாமல், யாருக்கும் விளக்காமல், சாக்பீஸை எடுத்துச் சரியான ஜன்னலில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனவள்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பெரிய தராசை எடுத்துக்கிட்டு வா."

அவர் போனை வைத்ததும் பைண்டிங் அக்கா கேட்டார். "இங்க இருக்கற குண்ட எடுத்து அங்க கட்டினா ரெண்டும் சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி."

"இன்ஜினியர் சார் பதினொண்ணரைக்குத்தான் வருவாரு." அக்கா மேசை மேல் இருந்த, பாதி எழுதிய தாளைப் பார்த்தார். "அதுக்குள்ள மாத்திட்டா, இந்த வரியையும் எழுதி முடிச்சிட்டா, உங்க பேரு எங்கயும் வராது. இல்லையா?"

"வராது. உங்களுக்கு மட்டும் தெரியும்."

"எனக்கு விரல்தான் போச்சு. கண்ணு போகல."

எடைக்காரர் குண்டைத் தூக்கிப் பார்த்தார். ஐந்து கிலோ. ஒரு கைக்குழந்தையின் கனம். கழற்றி அங்கே கட்டுவது எப்படியும் செய்தாக வேண்டிய வேலைதான். அதைத் தப்பு என்று எவரும் சொல்ல முடியாது. வேலையைச் சரியாகச் செய்தாலே அடையாளம் அழிந்துவிடும். முடிச்சில் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. தராசு அவர் நினைவுக்கு வந்தது. திசை மாறிப் போனது ஊழ் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சட்டத்தைக் கழற்றி ஒரு தடவை தராசில் வைத்திருந்தால், பதினாறு என்று அது காட்டியிருக்கும். இது கனத்த கண்ணாடி இல்லை என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவள் இல்லாததால் அவர் எடை பார்க்கவில்லை. எடை சொல்ல ஆள் இல்லாத தராசை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கூட்டைத் திறந்தபடியே விட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தாளை எடுத்து, எழுதிய ஐந்து சொற்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கீழே எழுதினார்.

இன்ஜினியர் வந்தபோது கண்ணாடிக்காரரும் தராசோடு வந்துவிட்டிருந்தார். இன்ஜினியர் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"என்ன இது? 'எனக்குச் சொல்லப்பட்டது. நான் எடை பார்க்காமல் பக்கத்து ஜன்னலில் குண்டு கட்டினேன். தவறு என்னுடையது.' உங்கள யாரு இத எழுதச் சொன்னா?"

"நடந்தத எழுதச் சொன்னீங்க."

"தெரியாதுன்னு எழுதச் சொன்னேன்." இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுல அப்படி ஆகியிருந்த நேரம். மனுஷன் தடுமாறத்தான் செய்வான். கண்ணாடி போட்டவரு எழுத்துல குடுக்கல, அதுவே போதும் எனக்கு. இத நீங்க குடுத்தா உங்க பேரத்தான் அடிக்கணும்."

"அடிங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது சார். குண்டு அங்க தொங்குது. முடிச்சு என்னோடது. நீங்களே வந்து பாருங்க."

இன்ஜினியர் குனிந்து கூட்டுக்குள் பார்த்தார். நிமிர்ந்து, உச்சியில் ஏறி நின்ற சட்டத்தைப் பார்த்தார். பைண்டிங் அக்கா இடது கையால் புகார்ப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஏறாதுன்னு எழுதினீங்களே சார். ஏறியிருக்கு. அப்பவே ஆள் அனுப்பியிருந்தா என் விரல் தப்பிச்சிருக்கும்."

இன்ஜினியர் தாளை நான்காக மடித்துக் கோப்பில் வைத்தார். கண்ணாடிக்காரர் பெயரை அடிக்கப் போவதில்லை என்று சொன்னார். எடைக்காரர் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. "ரெண்டையும் சரிபண்ணிட்டுப் போங்க. இதுதான் கடைசி வேலை" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். புகார்ப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

எடைக்காரர் அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க" என்றார் அக்கா. "அத வெச்சு நான் என்ன தைக்கிறது. கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆறு வாரம் கழிச்சுப் பாத்துக்கறேன், உங்களையும் சேத்து. இப்ப ஜன்னல சரிபண்ணுங்க, வேகுது."

இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். ஏறுகிற ஜன்னலின் சட்டத்தைக் கழற்றித் தராசில் வைத்தார்கள். பதினாறு. விழுந்த ஜன்னலின் சட்டத்தை வைத்தார்கள். கண்ணாடிக்காரர் குனிந்து முள்ளைப் பார்த்து, "இருபத்தாறு" என்றார். உடன்பிறந்தவளின் அதே குரல் இல்லை. ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துகிற விதம் அந்த வீட்டுக்கே உரியது. எடைக்காரர் பென்சிலைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

குண்டுகளை மாற்றினார். மூன்று சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்பக்கம். சட்டத்தைப் பொருத்தினார். கப்பியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பிறகு சட்டத்தைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

கனம் ஒன்றும் இல்லை. இருபத்தாறு கிலோவில் ஒரு இறகுகூட அவர் கைக்கு வரவில்லை. எல்லாம் கூட்டுக்குள் போய்விட்டது. இருந்தும் அவரால் கையை எடுக்க முடியவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது முதலில் தெரியவில்லை. பின்பக்கத்திலிருந்து வர வேண்டிய ஒன்றுக்காக என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கீழே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த பேருந்து வந்தது. பைண்டிங் அக்கா பசை தடவுவதை நிறுத்தினார்.

கண்ணாடிக்காரர் தராசை ஓரமாக வைத்துவிட்டு வந்து, பின்னால் இரண்டடி தள்ளி நின்றார்.

"விடுங்க மாமா" என்றார். "நிக்கும்."

எடைக்காரரின் உள்ளங்கைகள் முதலில் விலகின. பிறகு விரல்கள். சட்டம் விட்ட இடத்தில் நின்றது.

கைகளைக் கீழே போட்ட பிறகுதான் அவை நடுங்குவதை அவர் பார்த்தார். வெகுநேரம் கனம் தூக்கியவரின் கைகள் மாதிரி. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது இரண்டு கைக்கும் தெரிந்தது.

"மச்சான்."

"சொல்லுங்க மாமா."

"உங்கிட்ட சாக்பீஸ் இருக்கா?"

கண்ணாடிக்காரர் சட்டைப் பையைத் தடவினார். இல்லை. பேன்ட் பையிலும் இல்லை. கண்ணாடியில் கோடு போடும் மெழுகுப் பென்சில்தான் இருந்தது.

"அது வேணாம்" என்றார் எடைக்காரர். திருகாணியை எடுத்துக் கூட்டின் வாசலை மூடத் தொடங்கினார்.